பழைய எண்ணெயில் பொரித்த பொப்பியா

எண்ணெய் காயும் வாடை வந்தாலே என்னால் இப்போதெல்லாம் சட்டிமுன் நிற்க முடிவதில்லை. அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வாசல்வரை போய் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் திரும்பி வருகிறேன். ஐம்பத்தெட்டு வயதில் சட்டிக்குப் பயப்படுகிற பெண்பிள்ளையைப் பார்த்து என் கணவர் கேலி செய்வதில்லை. அன்றைக்கு அவரும் காரில் இருந்தார்.

அப்போது என் மகனுக்குக் கல்யாணமாகி மூன்றாவது மாதம். அவனும் மருமகளும் சிரம்பானில் வீடு எடுத்திருந்தார்கள். நாங்கள் போர்டிக்சனிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைத் தோட்டத்தில், தோட்டம் கொடுத்த வீட்டில்தான் இன்னும் இருக்கிறோம். மருமகள் கெமாஸ்காரி. அப்பா ரயிலில் வேலை பார்த்தவர். பெண் படித்தவள், அடக்கமானவள், சிரித்தால்கூடச் சத்தம் வராது. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. வாயைத் திறக்காதவள் மனதில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் வாய் ஓயாதவள். எல்லாரும் என்னைப் போலவே இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

அவளுக்கு இறால் ஆகாது. கல்யாணத்துக்கு முன்பே மகன் சொல்லியிருந்தான். நான் அதைக் காதில் வாங்கி, வாங்கிய காதாலேயே விட்டுவிட்டேன். கல்யாணம் முடிந்து முதல் விருந்தில் பெரிய கிண்ணம் நிறைய இறால் சம்பல் வைத்தேன். அவள் கிண்ணத்தை மெதுவாகத் தள்ளி வைத்தாள்.

"அலர்ஜி அத்தை."

"அலர்ஜியாவது கிலர்ஜியாவது! ஒரு எறா தின்னா செத்தா போயிடுவாங்க? சும்மா சாப்பிடு லா" என்றேன்.

பந்தியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள். ஆனால் சாப்பிடவில்லை. அதையும் நான் மனதில் வைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து நேராக மதியத்துக்கு வருவதாக மகன் போன் செய்தான். அவளுக்குப் பொப்பியா ரொம்பப் பிடிக்கும், கடையில் வாங்கினால் உள்ளே இறால் இருக்குமோ என்று பயந்து சாப்பிடுவதே இல்லை, நீ செய்து கொடும்மா என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் பக்கத்தில் பொப்பியாவுக்குள் உலர்ந்த இறாலை வறுத்துப் பொடித்துப் போடாத வீடு கிடையாது. அது இல்லாமல் செய்வதே நான் அவளுக்குச் செய்கிற பெரிய தியாகம் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையிலிருந்து ஒற்றை ஆளாக வேலை. செங்குவாங் கிழங்கைத் தோல் உரித்து மெல்லிசாகச் சீவி, கேரட், முட்டைக்கோஸ் சேர்த்து, பூண்டு போட்டு வதக்கினேன். வதக்கியதை வடிதட்டில் கொட்டி, ஆறியபின் துணியில் கட்டிப் பிழிந்தேன். தண்ணீர் கொஞ்சம் நின்றாலும் பொப்பியா பத்து நிமிடத்தில் தொளதொளத்துப்போகும். பாக்கெட்டில் வாங்கிய மாவுத் தோலை ஈரத்துணிக்கு அடியில் வைத்து ஒவ்வொன்றாக உரித்தெடுத்து, இரண்டு பக்கமும் மடித்து, இறுக்கமாகச் சுருட்டி, கோதுமை மாவுப் பசை தடவி ஒட்டினேன். முப்பது உருளை. ஒன்றுகூடக் கோணல் இல்லை.

அதற்குப் பிறகுதான் எண்ணெய்க்குப் போனேன்.

போத்தலில் கால்வாசிதான் இருந்தது. பொப்பியா முங்கிப் பொரிய வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பு வேகாது. தோட்டத்து வீடுகளில் பொரித்த எண்ணெயைக் கொட்டுகிற வழக்கம் இல்லை. ஆறவிட்டு, துணியில் வடித்து, மூடி போட்ட பிஸ்கட் டின்னில் ஊற்றி அடுப்புக்குக் கீழே வைத்துக்கொள்வோம். அடுத்த பொரியலுக்குப் புது எண்ணெயோடு அதைக் கலந்துகொள்வோம். என் அம்மா அப்படித்தான் செய்தாள், பக்கத்து வீட்டுக்காரி இன்றும் அப்படித்தான் செய்கிறாள். நானும் டின்னை எடுத்துக் குவாலிச் சட்டியில் சாய்த்தேன்.

வாடை வந்தது. போன வாரம் அந்த எண்ணெயில்தான் இறால் போட்ட வடை சுட்டிருந்தேன். அடியில் கறுப்பாகத் தூள்கூடத் தங்கியிருந்தது.

இதை நான் மறைக்காமல் எழுத வேண்டும். எனக்குத் தெரியும். டின்னைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே இறால் இல்லை, எண்ணெய்தானே, சூட்டில் எல்லாம் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கும் அடியில் வேறொன்று இருந்தது. பார்ப்போமே, இந்த அலர்ஜி எவ்வளவு உண்மை என்று. அப்படி நினைத்தேனா என்று கேட்டால், நினைக்கவில்லை என்று சத்தியம் செய்ய எனக்குத் தைரியம் இல்லை.

தோலில் ஒரு துண்டு கிள்ளிப் போட்டுப் பார்த்தேன். பொரிந்து மேலே வந்தது. நாலு நாலாகப் போட்டு, திருப்பித் திருப்பி, பொன்னிறம் தாண்டி ஒரு படி சிவந்ததும் எடுத்து, வடிதட்டில் செங்குத்தாக நிறுத்தினேன். கரண்டியால் தட்டினால் டொக் டொக்கென்று கேட்டது.

அவர்கள் வந்து உட்கார்ந்ததும் முதல் தட்டை அவளுக்குத்தான் வைத்தேன். அவள் ஒன்றை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் அப்படியே நிறுத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் இடுப்பில் கைவைத்து எதிரே நின்றுகொண்டிருந்தேன்.

"எறா ஒண்ணும் போடல. உனக்குன்னே செஞ்சது" என்றேன்.

கடித்தாள். மொறுமொறு சத்தம் அடுப்படிவரை கேட்டது. "நல்லாருக்கு அத்தை" என்றாள். இன்னொன்றும் சாப்பிட்டாள்.

நான் அடுத்த ஈட்டைக் குவாலியில் போட்டுக்கொண்டிருந்தபோது மகன் அவளைக் கூப்பிடும் குரல் மாறிக் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். கைகளில் திட்டுத்திட்டாகத் தடித்திருந்தது. உதடு அவள் உதடாகவே இல்லை. ஏதோ சொல்ல வந்தாள், குரல் நூலாக வந்தது.

"மாத்திரை எங்க? மாத்திரை!" என்று மகன் அவள் பையைத் தரையில் கொட்டினான். கோயிலுக்குப் போகிற சின்னப் பையை எடுத்து வந்திருக்கிறாள். மாத்திரை சிரம்பானில் இருந்தது.

ஆம்புலன்ஸ் எங்கள் தோட்டத்துக்குள் வழி கேட்டு வந்து சேர்வதற்குள் என்ன ஆகுமோ என்று மகன் காரை எடுத்தான். கணவர் முன்னால் ஏறினார். பின்னால் அவளும் நானும். செம்மண் சாலையில் கார் தூக்கித் தூக்கிப் போட்டது. அவள் மூச்சில் விசில் மாதிரி ஒரு சத்தம். ஒவ்வொரு தடவை அது நின்றபோதும், மறுபடி வருகிறதா என்று அவள் வாயருகே காதைக் கொண்டுபோனேன். என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

"மா, எறா போட்டியா?" மகன் திரும்பாமலே கேட்டான்.

"போடலடா. மாதா சத்தியமா போடல."

சொன்னது பொய்யில்லை. அந்த மாதிரிப் பொய்யில்லாத பொய்யை நான் என் வாழ்நாளில் சொன்னதில்லை. மாதாவின் பேரை இழுத்துவிட்டோமே, அதற்காகவே இந்தப் பெண்ணைக் கொண்டுபோய்விடுவாளோ என்று நடுங்கினேன். செத்தா போயிடுவாங்க என்று பந்தியில் நான் கேட்டது, மகனுக்கும் இந்நேரம் காதில் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். கெமாஸில் அவள் அம்மாவுக்கும் கேட்கும். மாமியார் வேண்டுமென்றே செய்தாள் என்று ஊர் சொல்லும். அது பொய் என்று எழுந்து நின்று சொல்ல என்னால் முடியுமா?

சி ரூசா பக்கம் வந்ததும் கார் நின்றது. ஞாயிற்றுக்கிழமை. கடற்கரைக்கு வந்தவர்களின் கார்கள் முன்னும் பின்னும். பக்கத்துக் காரின் கூரையில் மிதவை கட்டியிருந்தது, உள்ளே பிள்ளைகள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார்கள். கணவர் கீழே இறங்கி, தோள் துண்டை ஆட்டிக்கொண்டு நடுச்சாலையில் ஓடினார். "தோலோங்! தோலோங்!" என்று காப்பாற்றச் சொல்லிக் கத்தினார். முழங்கால் வலி என்று படியிறங்க மாட்டாத மனிதர். கார்கள் ஒன்றொன்றாக ஒதுங்கின. நான் அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தேன். "தூங்காத மா, என்னப் பாரு, என்னப் பாரு." அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருத்துவமனையில் தள்ளுகட்டிலில் ஏற்றிய கையோடு தொடையில் ஊசி போட்டார்கள். முகத்தில் ஆக்சிஜன் வைத்தார்கள். இளம் மலாய் டாக்டர் ஒருவர் எங்களிடம் வந்து, இறால் சாப்பிட்டாளா என்று கேட்டார். மகன் இல்லையென்று தலையாட்டினான், அம்மா போடவில்லை என்றான். டாக்டர் எழுதப்போனார்.

வாயை மூடிக்கொண்டால் போதும், யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் சொன்னேன். எண்ணெய் பழசு, டாக்டர். அதில் இறால் வடை பொரித்திருந்தேன்.

டாக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார். மகன் என்னை ஒரு பார்வை பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை. எழுந்து போய் வேறு நாற்காலியில் உட்கார்ந்தான்.

அரைமணி நேரம் கழித்து, மூச்சு சீராகிவிட்டது, ஒருநாள் வைத்திருந்து பார்ப்போம் என்றார்கள். கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மறுநாள் காலை கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். புதுப் பானையில், புதுக் கரண்டியால் வைத்த கஞ்சி. மகன் தேத்தண்ணி வாங்கக் கீழே போயிருந்தான். அவள் உதடு பழையபடி ஆகியிருந்தது. போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"எண்ணெய்னு அவர் சொன்னாரு" என்றாள் அவளே. "ஊத்தும்போது வாடை தெரியலையா அத்தை?"

மறந்துவிட்டேன், கவனிக்கவில்லை, எத்தனையோ சொல்லலாம். மகனிடம்கூட அப்படித்தான் விட்டுவைத்திருந்தேன். ஆனால் காரில் என்னையே பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண்கள்.

"தெரிஞ்சிச்சு மா" என்றேன். "தெரிஞ்சுதான் ஊத்துனேன்."

கத்துவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். அவளுக்கே உரிய அந்தச் சின்னக் குரலில் சொன்னாள்.

"எனக்கும் தெரிஞ்சிச்சு அத்தை. வாய்க்கிட்ட கொண்டு போகும்போதே எறா வாடை வந்துச்சு. நீங்க எதுக்க நின்னுக்கிட்டு இருந்தீங்க. வேணாம்னு சொன்னா கோவிச்சுக்குவீங்கன்னு பயந்துதான் சாப்பிட்டேன்."

ஒரு நாளாக நான் பட்ட பயத்தைப் பெரிதென்று நினைத்திருந்தேன். இந்தப் பெண் மூன்று மாதமாகப் பயந்திருக்கிறாள். மூச்சு அடைத்துப் போவதைவிட என்னிடம் வேண்டாம் என்று சொல்வதற்கு அதிகமாகப் பயந்திருக்கிறாள்.

ஊசி குத்திய கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"இனிமே வேணாம்னா வேணாம்னு சொல்லிடு மா. என் மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லு."

"சரி அத்தை" என்றாள் உடனே.

அந்தச் சரியிலும் பயம்தான் இருந்தது.