மலைப்பாம்பிலிருந்து ஒரு ஸ்க்ரூ

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அந்த மனிதரை அவர் மனைவி பயில்வான் என்றுதான் கூப்பிடுவாள். பயில்வான் லிஃப்டில் ஏற மாட்டார். எதிரே நாய் வந்தால் எதையோ மறந்துவிட்டவர் போலத் திரும்பி நடப்பார். வீட்டில் போன் அடித்தால், அதை எடுப்பதற்குள் யார் யாருக்கு என்னென்ன ஆகியிருக்கும் என்று ஒரு சுற்று நினைத்து முடித்திருப்பார். மகள் கல்லூரியில் சேர்ந்த அன்று, குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் என்று எல்லோரும் பூரித்துப் போனார்கள். இவர் மட்டும் அந்தப் படிகளுக்குக் கைப்பிடி இல்லையே என்று கவலைப்பட்டார்.

இப்படிப்பட்டவருக்குப் பிடித்த இடம், ஊருக்கு வெளியே இருந்த பொழுதுபோக்குப் பூங்காவின் மிகப் பழைய ரோலர் கோஸ்டர் என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். முழுக்க மரச்சட்டங்களால் கட்டியது. அதன் பெயர் மலைப்பாம்பு. சங்கிலி இழுக்க இழுக்கக் கடகடவென்று ஏறி, உச்சியில் மூச்சுப் பிடித்ததுபோல் ஒரு நொடி நின்று, அப்படியே தலைகுப்புற இறங்கும்.

கல்யாணமான புதிதில் மச்சான்தான் அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அதில் உட்கார வைத்தான். மனைவியின் தம்பி. "மாப்ள, கண்ண மூடிக்கிட்டா ஒண்ணும் தெரியாது" என்றான். கண்ணை மூடிக்கொண்டும் எல்லாம் தெரிந்தது. இறங்கி வந்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆனால் அன்று வீடு திரும்பும் வழியில் எதிரே ஒரு நாய் வந்தது. அவர் பாட்டுக்கு அதைத் தாண்டி நடந்தார். பின்னால் வந்த மனைவிதான் நின்றுவிட்டாள்.

அன்றிலிருந்து பயம் அளவுக்கு மீறி ஏறும்போதெல்லாம் அவர் மலைப்பாம்புக்குப் போனார். மற்ற பயங்களுக்குத் தண்டவாளம் கிடையாது, எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று தெரியாது. இந்தப் பயம் எங்கே ஏறும், எங்கே விழும், எந்தத் திருப்பத்தில் பக்கத்து ஆள் மேல் சாய்க்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மூன்றாவது பெட்டி, முன் சீட், இடது ஓரம். அது அவருடைய இடம். வலதுகை மடிமேல் விழும் இரும்புக் கம்பியைப் பிடித்திருக்கும். இடதுகைக் கட்டைவிரல், முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்த பித்தளை ஸ்க்ரூ ஒன்றின் தலையைத் தடவிக்கொண்டே இருக்கும். தடவித் தடவி அது மினுமினுத்துப் போயிருந்தது.

அவரைப் போல நிறையப் பேர் இருந்தார்கள். போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதற்குத் தலைவர் மாதிரி ஒருவர். வங்கியில் வேலை. வண்டி கிளம்பும்போது ரயில் கார்டு மாதிரி சட்டைப்பையிலிருந்து விசில் எடுத்து ஊதுவதால் எல்லோரும் அவரைக் கார்டு என்பார்கள். கார்டுக்குப் பயில்வானின் பின் சீட். இறங்கும்போது இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு, "விடுறா கம்பிய, கோழை" என்று முன்னால் இருப்பவரின் காதில் கத்துவார். பயில்வான் ஒருநாளும் விட்டதில்லை.

ஒருநாள் பூங்கா நிர்வாகம் அறிவித்தது: மலைப்பாம்பைப் பிரிக்கப் போகிறோம். அந்த இடத்தில் குளிரூட்டிய பெரிய அறை வரும். நாற்காலியில் உட்கார்ந்து பெரிய கண்ணாடி ஒன்றை முகத்தில் மாட்டிக்கொண்டால் வானத்தில் பறப்பதுபோல் இருக்கும்.

"நல்லதுதானே, கண்ணாடி உங்க தொழில்தானே" என்றாள் மனைவி.

அவர் சிரிக்கவில்லை. அவள் அதைக் கவனித்து, தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

குழுவில் அன்று இரவெல்லாம் செய்தி வந்துகொண்டே இருந்தது. என் பொண்டாட்டிகிட்ட காதலச் சொன்னதே அந்த உச்சியிலதான் என்றார் ஒரு லாரி டிரைவர். அவ என்ன சொன்னா என்று யாரோ கேட்டார்கள். கத்துனா, நான் அத சம்மதம்னு எடுத்துக்கிட்டேன் என்றார் அவர். சிரிப்புப் பொம்மைகள் நிறைய வந்து விழுந்தன. அடுத்தடுத்த நாட்களில் கோரிக்கை மனு கொடுத்தார்கள், வாசலில் நின்று கோஷம் போட்டார்கள். நிர்வாகம் அவர்களுக்கு இலவசமாகக் குளிர்பானம் கொடுத்து அனுப்பியது. கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒன்றாக ஏறுவது, கார்டு கடைசி முறையாக விசில் ஊதுவது என்று முடிவாயிற்று.

அதன் பிறகுதான் ஆளாளுக்கு ஞாபகத்துக்கு என்று எடுக்கத் தொடங்கினார்கள். ஒருவர் உதிர்ந்த பெயின்ட்டை எடுத்தார். இன்னொருவர் சீட் நம்பர் தகட்டைப் பெயர்த்தார். குழுவில் படம் போட்டு, "சாமி சத்தியமா தானா கழண்டுச்சு" என்று எழுதினார்கள்.

கடைசிக்கு முந்தைய ஞாயிறு, வண்டி வந்து நின்று கம்பி மேலே எழும்பியதும், பயில்வான் சட்டைப்பையிலிருந்து கண்ணாடி முடுக்கும் குட்டி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். அது எப்போதும் அவர் பையில் இருப்பது. பித்தளைத் தலை அடம்பிடிக்காமல் சுழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது. வாழ்க்கையில் அவர் திருடிய முதல் பொருள். பயமே வரவில்லை. அதுதான் அவருக்கு ஆச்சரியம்.

பயம் வெள்ளிக்கிழமை வந்தது. கையில் கட்டுப்போட்டிருந்த ஒரு பெண் கடைக்கு வந்து, ஒரு பக்கம் காலியாக இருந்த கண்ணாடியை மேசையில் வைத்தாள். பஸ் கண்டக்டர்.

"படியில இறங்குறப்ப லென்ஸ் கழண்டு விழுந்திருச்சு. அதப் புடிக்கப் போயி நான் விழுந்தேன். என்னன்னு பாருங்க."

அவர் பார்த்தார். "ஸ்க்ரூ இல்ல."

"அவ்வளவுதானா? ஒரு ஸ்க்ரூவுக்கா என் கைய ஒடிச்சேன்?"

அவருடைய சட்டைப்பையில் பித்தளை ஸ்க்ரூ இருந்தது. அது எதைப் பிடித்துக்கொண்டிருந்தது? இத்தனை வருஷம் தடவியவருக்கு அது தெரியாது. கம்பியையா, சீட்டையா, சக்கரத்தையா? ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மனைவியிடம் சொல்ல வாய் வரை வந்து, தண்ணீர் குடித்து அதை உள்ளே தள்ளினார். ஞாயிறு போகும்போது யாருக்கும் தெரியாமல் திருப்பி முடுக்கிவிடலாம் என்று சொல்லிக்கொண்டார். ஆனால் நாளைக்கும் வண்டி ஓடுமே. சொன்னால் ஞாயிறு ஓட்டமே நின்றுவிடும். குழு முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாவிட்டால்?

சனிக்கிழமை மத்தியானம் மனைவி கடைக்குப் போன் பண்ணினாள்.

"உங்க பொண்ணு அவ சிநேகிதியோட பாம்புக்குப் போயிருக்கா. கடைசி நாள் கூட்டமா இருக்கும்னு இன்னைக்கே. அப்பா சீட்லதான் உக்காருவாளாம். உங்ககிட்ட சொல்லச் சொன்னா."

"எப்பப் போனா?"

"அப்பவே போயாச்சு. ஏன், என்னங்க?"

மகளின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஏறுவதற்கு முன் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொல்வார்கள், அவருக்கே தெரியும். பூங்கா எண்ணுக்குப் போட்டார். ஒரு பாட்டு வந்தது, பிறகு நன்றி சொல்லும் குரல், மறுபடி அதே பாட்டு.

"முதலாளி, வயிறு சரியில்ல, கெளம்புறேன்."

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, போ" என்றார் முதலாளி.

பஸ்ஸில் உட்கார முடியவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்களை இவர் மனதுக்குள் பிடித்துத் தள்ளினார். கண்ணை மூடினால் உச்சி தெரிந்தது, அந்த ஒரு நொடி நிற்பது தெரிந்தது. அதற்குமேல் மனம் இறங்க மறுத்தது.

மலைப்பாம்பின் வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. அவர் வரிசையை இடித்துக்கொண்டு ஓடினார். "யோவ், வயசானவருன்னா மரியாதை குடுப்போம், அதுக்காக இப்படியா" என்று ஒருவன் திட்டினான். மேடையில் வண்டியைக் கிளப்பும் பெண்மணி நின்றிருந்தாள். மணியடித்துத்தான் வண்டியை விடுவாள் என்பதால் பெல்லக்கா. அவரைப் பார்த்ததும் சிரித்தாள்.

"சார், நாளைக்குத்தானே உங்க கச்சேரி? பாப்பா இப்பதான் போகுது. உங்க சீட்டு."

வண்டி சங்கிலியில் ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாவது பெட்டியில் மகளின் பின்தலை தெரிந்தது. அவளுக்குப் பின் சீட்டில் சிநேகிதி, கார்டைப் போலக் கைகளைத் தூக்கிக்கொண்டு.

அவரால் உள்ளங்கையைத்தான் விரித்துக் காட்ட முடிந்தது.

பெல்லக்கா ஸ்க்ரூவைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு போயிற்று. சிவப்புப் பொத்தானை ஓங்கி அழுத்தினாள்.

கடகட சத்தம் நின்றது. வண்டி சரிவின் நடுவே தொங்கியது. வரிசையில் இருந்தவர்கள் ஏதோ வேடிக்கை என்று கைதட்டினார்கள். மேலே யாரோ அழுதார்கள். பிறகு மெக்கானிக் ஏறிப் போய் ஒவ்வொரு கம்பியாகத் தூக்கி, ஆட்களைத் தண்டவாளத்தை ஒட்டிய குறுகலான படிகளில் இறக்கினார். பயில்வான் கீழே நின்று பார்த்தார். மகள் பின்புறமாகத் திரும்பி, காலால் துழாவித் துழாவி இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் அவர் கால்விரல்கள் செருப்புக்குள் சுருண்டன. அவள் தரையில் கால் வைக்கும் வரை அவர் மூச்சு விட்டாரா என்பது அவருக்கே தெரியாது.

"என்னப்பா பண்ணீங்க?" என்றாள் அவள். எல்லோரும் பார்த்தார்கள்.

பின்னோக்கி மேடைக்கு இறக்கிக் கொண்டுவந்த வண்டிக்குள் மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, ஸ்க்ரூவை வாங்கி உருட்டினார்.

"இதுவா? வெறும் மூடியோட ஸ்க்ரூ சார். இது இல்லேன்னாலும் ஒரு மண்ணும் ஆகாது. இதுக்கா வண்டிய நிறுத்துனீங்க?"

வரிசையில் கூச்சல் கிளம்பியது. பயில்வானுக்கு அந்தக் கூச்சல் காதுக்கு இதமாகக்கூட இருந்தது. அப்படியே அழுதுவிடலாம் போலிருந்தது.

"நின்னா எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் விடணும், அது ரூல்" என்று முணுமுணுத்துக்கொண்டே மெக்கானிக் பின் சீட்டுக்கு நகர்ந்தார். குனிந்தார். நிமிரவே இல்லை. கம்பியைக் கையால் ஆட்டினார். அது ஒரு பக்கம் மட்டும் கதவைப் போலத் திறந்துகொண்டது.

"இந்தப் பக்கத்துல கம்பியப் பூட்டுற பின் எங்க?" என்றார், யாரிடமும் கேட்காததுபோல. பிறகு மெதுவாக, "பெல்லக்கா, கயிறு கட்டுங்க. இனிமே யாரும் ஏற வேணாம்."

சிநேகிதி தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மலைப்பாம்பு அதோடு சரி. ஞாயிறு ஓட்டம் இல்லை, கடைசி விசில் இல்லை. நிர்வாகம் 'பாதுகாப்புக் காரணங்கள்' என்று பலகை மாட்டியது. பயில்வானிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்றது. குழுவில், பின் காணோம் என்பதே நிர்வாகத்தின் கட்டுக்கதை, அதற்கு இந்த ஆள் உடந்தை என்று பேச்சு வந்தது. கடைசி நாளைக்கூட விட்டுவைக்கலையே என்று லாரி டிரைவர் எழுதினார். வேறொன்றும் எழுதவில்லை. கார்டு மட்டும் வாயே திறக்கவில்லை. சாயங்காலத்துக்குள் யாரோ பயில்வானைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது மகள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும் இடம் நெருங்கும்போது கேட்டாள்: "உங்களுக்குப் பயம் வராம இருந்திருந்தா?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டு வாசல் வரை விடவில்லை.

அதன் பிறகு அவரால் தூங்க முடியவில்லை. ஏறி இறங்க இப்போது எதுவும் இல்லை. நாய் எதிரே வந்தால் திரும்பி நடக்கக்கூடத் தோன்றாமல் நின்றுவிடுவார். மனைவி பயில்வான் என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அது அவரை இன்னும் பயமுறுத்தியது.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் கார்டு கடைக்குள் வந்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கொஞ்சம் லூசா இருக்கு. டைட் பண்ணணும்."

லூசாக இல்லை. ஆனாலும் பயில்வான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். கார்டு கைக்குட்டை ஒன்றைப் பிரித்து மேசையில் தள்ளினார். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு இரும்புப் பின், எண்ணெய்ப் பிசுக்கோடு.

"ஆட்டிப் பாத்தேன், கையோட வந்துருச்சு" என்றார் கார்டு. "இதுக்கு ஒரு வேலை இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லய்யா. வீட்ல கொண்டுபோயி சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிருந்தேன்."

"எப்ப எடுத்தீங்க?"

"நீ உன் ஸ்க்ரூவ எடுத்ததுக்கு ஒரு வாரம் முந்தி." கார்டு மேசையைப் பிடித்துக்கொண்டார். "அதுக்கப்புறம் நானே அதுல போனேன். கையத் தூக்கிக்கிட்டு. உன்னைக் கோழைன்னு கத்திக்கிட்டே."

முகத்தில் காற்றடிக்க, காதருகே அந்தக் குரல் கேட்க, தனக்குப் பின்னால் எந்தக் கம்பியும் பிடித்திராத ஓர் ஆள் எழும்பி எழும்பி உட்கார்ந்துகொண்டு வந்ததை பயில்வான் இப்போதுதான் மனக்கண்ணில் பார்த்தார். அந்த ஆள் பிறகு மகளின் சிநேகிதியாக மாறினார். பிறகு மகளாக.

"வீட்ல யாருக்கும் தெரியாது. தூங்கி நாளாச்சு" என்றார் கார்டு. "தூக்கிப் போட்டுறலாமான்னு பாத்தேன். யார்கிட்டயாவது காட்டணும் போல இருந்துச்சு. உன்ன விட்டா வேற யாரு?"

"மெக்கானிக்குகிட்ட குடுக்கணும்."

"கேஸாயிடும்யா."

"ஆகும்."

"பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றார் பயில்வான். கார்டின் கண்ணாடியைத் துடைத்து அவரே மாட்டிவிட்டார். ஒரு பக்கம் காதில் சரியாக உட்காரவில்லை. "என்னை உள்ள விட மாட்டாங்க. கேட் வரைக்கும் வர்றேன்."

உள்ளே திரும்பி, "முதலாளி, வயிறு சரியில்ல" என்றார்.

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான்."

பூங்கா நிறுத்தத்தில் இறங்கியதுமே சுவருக்கு அந்தப் பக்கம் மரச்சட்டம் முறியும் சத்தம் கேட்டது. ஒன்று முறியும், கொஞ்ச நேரம் அமைதி, பிறகு இன்னொன்று. அடுத்தது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. கார்டு கைக்குட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தார். வழக்கத்தில் சட்டைப்பைக்குப் போன மற்றக் கை விசிலைத் தொட்டு, அதை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தது. பயில்வான் கேட்டின் இரும்புக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அவர் திரும்பி வரும்வரை நின்றார்.