வடகிழக்கு மூலைத் தூண்

1. கோலா சாவாவில், தோட்டத்து ரோடு பெரிய ரோட்டில் சேரும் முனையில், சாப்பாட்டுக் கடை கட்டச் சித்தப்பா நிலம் வாங்கினார்.
2. சுங்கை காடுட் தொழிற்சாலை வேலையை விட்டார்.
3. நல்ல நாள் பார்த்து, வடகிழக்கு மூலையில் முதல் தூணை நட்டார்.
4. அதற்குப் பிறகு பிளான் வரையக் கொடுத்தார்.
5. பிளான் நகராண்மைக் கழகத்துக்கு வந்தது. கடைப் பிளான்களைச் சரிபார்க்கும் பிரிவில்தான் எனக்கு வேலை.

மூன்றும் நான்கும் இடம் மாறியிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

அப்பா அம்மா ஜொகூரில். வேலை கிடைத்ததிலிருந்து நான் சித்தப்பா வீட்டில் இருக்கிறேன். சொந்தக்காரர் பிளான் என்று மேலதிகாரியிடம் சொல்லி, கோப்பைப் பக்கத்து மேசைக்காரருக்கு மாற்றிவிட்டேன். அதனால் ஒன்றும் மாறவில்லை. ரோட்டு எல்லையிலிருந்து இருபது அடி வெற்றிடமாக விட வேண்டும். நாள் குறித்துக் கொடுத்த பூசாரியோ கட்டடத்துக்கு மூலை பார்க்காமல் நிலத்துக்குப் பார்த்துவிட்டார். தூண் ரோட்டை ஒட்டி நிற்கிறது. பிளான் வரைந்தவரும் தூணிலிருந்தே கடையை ஆரம்பித்திருந்தார்.

பிளான் இரண்டு குறிப்புகளோடு திரும்பி வந்தது. முதலாவது பெயர்ப்பலகை பற்றியது. மலாய் எழுத்து பெரியதாக இருக்க வேண்டும், தமிழ் அதைவிடச் சிறியதாக. சித்தப்பா தட்டிலிருந்து தலை தூக்காமலே ஒத்துக்கொண்டார்.

“சின்னதாக்கிடலாம் ஆபீசரம்மா. சாப்பிட வர்றவன் வாசனையப் பிடிச்சிக்கிட்டு வருவான் லா.”

இரண்டாவது, அந்த இருபது அடி. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லாரி அந்த முனையில் திரும்பும்போது கடைச் சுவர் மறைத்தால், தோட்டத்திலிருந்து வரும் மோட்டார் சைக்கிள் தெரியாது என்று விளக்கினேன். அதே முனை வழியாகப் பல வருடம் மோட்டாரில் வேலைக்குப் போனவர் அவர், உடனே புரிந்துகொண்டார். கடையைப் பின்னால் தள்ளலாம், நாலைந்து மேசை குறையும், பரவாயில்லை என்றார். அப்படியானால் தூணை எடுத்துவிட்டால் போதும் என்றேன்.

சித்தி கரண்டியைக் கீழே வைத்தார்.

அந்தத் தூணுக்குக் குழியில் நவதானியம் போட்டுப் பால் ஊற்றியது நான். நடும் கை கல்யாணமாகாத பெண்ணுடையதாக இருக்க வேண்டும் என்பார்கள், வீட்டில் வேறு பெண்பிள்ளை இல்லை.

“நட்ட தூண எடுத்தா நட்ட கைக்கு ஆகாது,” என்றார் சித்தி. “அடுத்த மாசம் உன்னப் பொண்ணு பார்க்க வர்றாங்க.”

எனக்கு ஒன்றும் ஆகாது என்றேன்.

“அத நீ சொல்லக்கூடாது கண்ணு. உங்கம்மாவுக்கு நான்தான் பதில் சொல்லணும்.”

தூணைத் தரைமட்டத்தோடு அறுத்துவிட்டு, அடியில் இருப்பதை அப்படியே விடலாம் என்று வரைந்து காட்டினேன். கழுத்தை வெட்டிவிட்டுக் காலை விட்டு வைப்பதா என்று சித்தி கேட்டார். பூசாரியிடம் போனேன். பரிகாரம் இருக்கிறது என்றார். வந்து சித்தியிடம் சொன்னேன்.

“மூலையவே தப்பாப் பார்த்தவரு, பரிகாரத்த மட்டும் சரியாப் பார்ப்பாரா?”

சித்தப்பா சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார். கடை வேண்டும் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அவர் பக்கம் நின்று பேசியிருப்பேன். அவர் கை கழுவ எழுந்து போனார்.

அலுவலகத்தில் விதியோடு சண்டை போட வருகிறவர்களுக்கு என்னிடம் பதில் இருக்கிறது. சித்தி எந்த விதியோடும் சண்டை போடவில்லை. தினமும் காலையில் எனக்குச் சோறு கட்டிக் கொடுக்கிறார், அதை வாங்கிக்கொண்டு போய் மற்றவர்களின் தூண்களை அளக்கிறேன்.

இன்றைய நிலைமை இது. பெண் பார்க்க வந்தவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. பிளான் திருத்தப்படாமல் அலமாரி மேல் கிடக்கிறது. சித்தப்பா பழைய தொழிற்சாலைக்கே திரும்பிவிட்டார். எனக்குக் கல்யாணம் ஆகும்வரை யாரும் அந்தத் தூணைத் தொடக்கூடாது என்று முடிவாகியிருக்கிறது. அதுவரை கடை இல்லை.