பெருங்களத்தூரில் கரையேறிய சால்மன்

காலையில் ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறியதுமே கனடாவிலிருந்து மச்சானின் வீடியோ கால். அங்கே சாயங்காலம். இடுப்பளவு ஆற்றில் தூண்டிலோடு நிற்கிறான். பக்கத்தில் வலையோடு ஒரு வெள்ளைக்கார கைடு. போனை நண்பன் பிடித்திருக்கிறான்.

"மாமா, சால்மன் மாட்டிடுச்சு! பாருங்க!"

தூண்டில் வில்லாக வளைந்தது. நான் போட்ட கூச்சலில் பாதிப் பெட்டி என் போனுக்குள் எட்டிப் பார்த்தது.

"இழு தம்பி, இழு!" என்றார் ஜன்னலோரத்து சார்.

"இழுக்காதே, ஓட விடு!" என்று அங்கே கைடு ஆங்கிலத்தில் கத்தினான். மச்சான் பாவம், இரண்டு பக்கமும் திட்டு வாங்கினான்.

பெருங்களத்தூர் வந்தபோது மீன் வலைக்குள்! என் கை நீளம், வெள்ளியாக மினுங்கியது. பெட்டியே கை தட்டியது.

கைடு அதன் முதுகில், வால் பக்கமிருந்த குட்டித் துடுப்பைத் தொட்டுப் பார்த்தான்.

"பண்ணைல குஞ்சு பொரிச்சு ஆத்துல விட்ட மீனுக்கு இந்தத் துடுப்பை வெட்டியிருப்பாங்க மாமா. அதைத்தான் எடுத்துக்கலாம். இது ஆத்துலயே பொறந்தது, விட்டுடணும்."

மச்சான் சொல்லி முடிப்பதற்குள் கைடு மீனை ஆற்றில் விட்டுவிட்டான்.

மீன் கூடையோடு நின்ற அக்கா நெஞ்சில் கை வைத்தார். "இன்னாபா இது? கொழம்பு வெக்கிற மீனை, போய்ட்டு வான்னு அனுப்பிகினு கீறான்!"

நியாயம் கைடு பக்கமா, அக்கா பக்கமா என்று நாங்கள் சண்டை போட்டு முடித்தபோது ரயில் சானடோரியத்தில் நின்றது. நான் தாம்பரத்திலேயே இறங்கியிருக்க வேண்டும்.

லேட்டுக்குக் காரணம் கேட்கிறார் மேனேஜர். கனடாவில் மீன் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று உண்மையைச் சொல்லவா, இல்லை வழக்கம்போல சிக்னல் கோளாறா?