பனித்தளத்துக்குப் பத்துப் பிள்ளைகள்

நோர்வேயின் தேசியப் பெண்கள் ஐஸ் ஹொக்கி அணி பக்கத்து நாட்டுக்காரிகளை வென்ற மறுநாள், நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் கேக் வெட்டினார்கள். இந்த நாட்டில் சந்தோஷம் வந்தால் கேக், கவலை வந்தால் கோப்பி. முதல் நாள் வரை அந்த அணி வெல்லும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அப்படி ஓர் அணி இருப்பதே பலருக்குத் தெரியாது. ஆனால் விடிந்ததும் எல்லோரும் "நாங்கள் வென்றுவிட்டோம்" என்றார்கள். பல வருடங்களாகச் சுரங்க ரயிலில் எனக்கு எதிரே இருந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்த மனிதர்கூட, அன்று பத்திரிகையை என் பக்கம் திருப்பிப் படத்தைக் காட்டினார். கிரிக்கெட்டைத் தவிர வேறெதையும் விளையாட்டென்று ஒப்புக்கொள்ளாத எங்கள் தமிழ்க் கடைக்காரர், முருங்கைக்காயை நிறுத்தபடியே எனக்குக் கோல் காப்பது எப்படி என்று வகுப்பெடுத்தார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. என் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. நாங்கள் ரொம்மன் என்ற புறநகர்ப் பகுதியில் இருந்தோம். அவள் இரண்டு வருடமாகப் பக்கத்து ஐஸ் மண்டபத்தில் பெண்பிள்ளைகள் அணியில் விளையாடினாள். அணி என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். மொத்தம் ஏழு பிள்ளைகள். ஆண்பிள்ளைகள் எடுத்தது போக மிஞ்சிய நேரம், ஞாயிறு காலை ஏழு மணி, இவர்களுக்குக் கிடைத்தது. இப்போது விளையாட்டுக் கழகம் அதற்கும் கெடு வைத்திருந்தது. வருகிற ஞாயிறு பத்துப் பிள்ளைகள் பனியில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அணியைக் கலைத்து, நேரத்தை ஆண்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். மகள் அதைக் கேட்டதும், வாசலில் எப்போதும் கிடக்கும் ஹொக்கிப் பையைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் அறைக்குள் வைத்துவிட்டாள். அவள் அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

நாடே கொண்டாடும்போது மூன்று பிள்ளைகள் கிடைக்க மாட்டார்களா என்று எனக்கு ஒரு வீம்பு வந்தது. வேலை முடிந்து வந்து, பெண்பிள்ளைகள் இருக்கிற ஆறு தமிழ் வீடுகளுக்குப் போனேன். முதல் வீட்டில் தொலைக்காட்சியில் அதே ஆட்டத்தைத் திரும்பவும் காட்டிக்கொண்டிருந்தார்கள். "ஓம் அக்கா, பிள்ளையளுக்கு நல்லதுதானே. ஞாயிறு கட்டாயம் அனுப்பிவிடுறன்" என்றாள் அந்த வீட்டுக்காரி. அடுத்த வீட்டில் தேத்தண்ணியோடு சிற்றுண்டியும் வந்தது, சம்மதமும் வந்தது. இப்படி ஐந்து வீடுகள், ஆறு பிள்ளைகள்.

ஆறாவது வீட்டில் மட்டும் சண்டை. மூன்றாம் மாடியில் இருந்தவள், குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்பவள். நான் சொல்லி முடிக்க முன்னமே குரலை உயர்த்தினாள்.

"உங்களுக்கென்ன விசரே, அக்கா? பல்லு உடைஞ்சால் ஆர் பொறுப்பு? சனிக்கிழமை முழுக்கத் தமிழ்ப் பள்ளிக்கூடம், நடனம். ஞாயிறும் விடியக் காலமை எழும்பி ஓட ஏலாது. நான் விடமாட்டன்."

"விடாட்டி விடும். அதுக்கேன் கத்துறீர்?" என்று நானும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவளுடைய மகள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். படியிறங்கும்போது, பண்பில்லாத மனுசி என்று மனதுக்குள் திட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் பயிற்சியாளருக்குத் தொலைபேசி எடுத்து, "ஆறு பேர் வருவார்கள்" என்றேன். அவள் ஒரு நோர்வீஜிய இளம் பெண். வருவேன் என்று ஒருவர் சொன்னால் வருவார் என்று நம்பி வளர்ந்தவள். கழகத்துக்கும் அப்படியே எழுதி அனுப்பிவிட்டாள்.

எனக்கு எங்கே போயிற்று புத்தி? வீடு தேடி வந்து கேட்டவளிடம் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்வது எங்கள் ஆட்களிடம் மரியாதைக்கேடு. தேத்தண்ணி கொடுத்து, ஓம் சொல்லி, வாசல் வரை வந்து வழியனுப்பிவிட்டு, பிறகு வராமல் விடுவதுதான் நாகரிகம். நானே எத்தனை கூட்டங்களுக்கு, எத்தனை ஒன்றுகூடல்களுக்கு அப்படி ஓம் சொல்லிவிட்டு வீட்டில் படுத்திருந்திருக்கிறேன்! அவ்வளவும் தெரிந்தும், அந்த வெற்றியின் மயக்கத்தில், ஒவ்வொரு சம்மதத்தையும் ஒரு பிள்ளையாக எண்ணிவிட்டேன்.

ஞாயிறு காலை மண்டபத்தில் குளிர் எலும்பைத் துளைத்தது. ஏழு பிள்ளைகளும் பனியில் இறங்கிவிட்டார்கள். ஏழே கால் ஆயிற்று. சோமாலியச் சகோதரிகள் இரண்டு பேர் தாங்களாகவே வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஆட்டத்தைப் பார்த்தார்களாம், ஒருவரும் அழைக்காமலே வந்துவிட்டார்கள். பயிற்சியாளர் அவர்களுக்குச் சறுக்குச் சப்பாத்து அளவு பார்த்துக் கொடுத்தாள். ஒன்பது. என்னுடைய ஆறில் ஒன்றும் இல்லை.

ஏழரைக்குப் பயிற்சியாளர் பெயர் எழுதும் கொப்பியோடு என்னிடம் வந்தாள். கழகத்தின் ஆள் ஒருவர் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அவர்கள் வரமாட்டார்கள். எனக்கு அது முதலே தெரிந்திருக்க வேண்டும்" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. மகள் பனித்தளத்து வேலி ஓரமாகச் சறுக்கி வந்து தலைக்கவசத்தைக் கழற்றினாள்.

"அம்மா, அவை வரமாட்டினம் எண்டு எனக்குத் தெரியும். நீங்கள் சந்தோசமா இருந்தனீங்கள், அதான் சொல்லேல்லை."

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இருந்த விளக்கம் எனக்கு இல்லாமல் போனதை நினைத்து வெட்கமாக இருந்தது. அதைவிட, மூன்று நாளாக அவள் அதைத் தனியே சுமந்திருக்கிறாள். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, நடுவில் வேலி.

அப்போது வெளிக்கதவு படாரென்று திறந்தது. மூன்றாம் மாடிக்காரி. முகத்தில் கோபம், கைப்பிடியில் மகள்.

"மூண்டு நாளா நித்திரை இல்லை, அக்கா! மாட்டன் எண்டு சொல்லிப்போட்டு அதையே யோசிச்சுக்கொண்டு கிடந்தனான். பல்லுக்கு என்ன போடுறவை எண்டு காப்பகத்திலை விசாரிச்சன். வாய்க்குள்ளை ஒரு கவசம் இருக்காமே? நீங்கள் ஏன் அதைச் சொல்லேல்லை?"

"நீர் எங்கை சொல்ல விட்டனீர்?"

"இண்டைக்கு ஒரு நாளைக்குத்தான். பிறகு பாப்பம்" என்று சொல்லிக்கொண்டே, அவள் முழந்தாளிட்டு, பயிற்சியாளர் கொடுத்த சறுக்குச் சப்பாத்தை மகளுக்கு மாட்டி நாடாக்களை இறுக்கிக் கட்டினாள். ஓம் சொன்னவர்களில் ஒருத்தியும் என் கேள்வியை வீட்டுக்குள்ளே எடுத்துப்போகவில்லை. முகத்துக்கு நேரே மறுத்தவள்தான் அதோடு மூன்று நாள் மல்லுக்கட்டியிருக்கிறாள். படியில் வைத்துத் திட்டியதற்காக மனதுக்குள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

புதுப் பிள்ளை இரண்டடி வைத்துப் பொத்தென்று விழுந்தாள். என் மகள் ஓடிப்போய்க் கை கொடுக்க, இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தார்கள். பக்கத்தில் நின்ற தாய் என் கையைப் பலமாகப் பிடித்தாள். பிள்ளையைத் திரும்பக் கூப்பிடப்போகிறாள் என்று பயந்தேன்.

"எழும்பு!" என்று மண்டபமே அதிரக் கத்தினாள். "எழும்படி!"

பிள்ளை எழும்பினாள். பயிற்சியாளர் அவளுடைய பெயரை எழுதி, கொப்பியைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடித்து அந்தப் பக்கம் நின்றவருக்குக் காட்டினாள். அவர் பனியில் நின்றவர்களை விரலால் ஒவ்வொருவராக எண்ணினார். பிறகு சரியென்று தலையாட்டினார்.

"அடுத்த ஞாயிறும் ஏழு மணி" என்றாள் பயிற்சியாளர்.