படிப்பை விட்டுவிட நினைத்து வீடு திரும்பிய பயணம்

வெளிநாட்டில் முதலாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகள் சிலர், முதல் விடுமுறைக்கு ஊர் போகலாமா, போனால் திரும்பி வர மனம் வருமா என்று கேட்டு எழுதியிருந்தார்கள். 2003 மே மாதம் நான் திருச்சியிலிருந்து இலங்கை மலைநாட்டில் எங்கள் வீடிருக்கும் பூனாகலைப் பக்கம் போய்வந்ததைச் சொல்கிறேன். வண்டி நேரங்கள் அந்தக் காலத்தவை, புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பண்டாரவளையிலிருந்து பூனாகலை போகும் வழியில் ஒரு தேயிலைத் தோட்டம்தான் எங்கள் ஊர். அப்பா, அம்மா இருவருக்கும் அங்கேதான் வேலை. புலமைப்பரிசில் கிடைத்துத் திருச்சியில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். எங்கள் முன்னோர் இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்டுப் போனதே அந்தப் பக்கத்திலிருந்துதான். ஆனால் போலீஸ் அலுவலகத்தில் வெளிநாட்டு மாணவி என்று பதிவு செய்துகொண்ட பிறகுதான் எனக்கு விடுதி அறை கொடுத்தார்கள். "இலங்கைத் தமிழ்ல ஏதாச்சும் பேசேன்" என்று விடுதிப் பெண்கள் கேட்பார்கள். பேசினால், "எங்க ஊரு மாதிரியே பேசுற, நெஜமாவே நீ இலங்கையா?" என்பார்கள். வகுப்பில் வேறு தொல்லை. பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழில். இங்கே எல்லாம் ஆங்கிலம். முதல் பருவத்தில் இரண்டு பாடம் அரியர். ஊருக்குப் போனால் திரும்புவதில்லை என்று முடிவெடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பெட்டியில் எல்லாத் துணியையும் அடுக்கிக்கொண்டேன்.

திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். அன்றிரவு தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டு, காலை ஆறு மணிக்குச் சற்று முன் கோட்டை ஸ்டேஷனில் புறப்படும் பதுளை ரயிலைப் பிடித்தேன். பண்டாரவளைக்கு ஒன்பது மணி நேரம். சால்வையைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஹப்புத்தளையில் குளிர் சட்டென்று ஏறும். சன்னலோரம் இடம் கிடைத்தும் நான் வெளியே அதிகம் பார்க்கவில்லை. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதிலேயே பாதி வழி போயிற்று.

அப்பா ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். இளைத்திருந்தார். பூனாகலை பஸ்ஸில் ஏறினோம். தூரம் பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். வளைவுகளால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாங்கள் இறங்கும் இடம் வருவதற்கு முன்பே அவர் எழுந்தார்.

"அப்பா, நம்ம எடம் இன்னும் வரலியே."

"இங்கதான் எறங்கணும் பாப்பா. வா, சொல்றேன்."

நடந்துகொண்டே சொன்னார். மார்கழி மழையில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்து, கடைசி நான்கு வீடுகள் போய்விட்டன. எங்கள் வீடும் அதில் ஒன்று. உயிர்ச்சேதம் இல்லை. அம்மாவுக்குக் கால் உடைந்திருந்தது. ஞாயிறுதோறும் கடைத்தெருத் தொலைபேசியில் என்னோடு பேசிய அப்பா, "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்றே சொல்லியிருந்தார். நானும் அதையேதான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

மூடிக்கிடந்த பழைய தேயிலைத் தொழிற்சாலையில், சேலைகளையும் தார்ப்பாயையும் கட்டிப் பிரித்து நான்கு குடும்பங்கள் இருந்தன. அம்மா சாக்கின் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழப் பார்த்தார், முடியவில்லை. சற்று நேரத்தில் தங்கை சுமதி உள்ளே வந்தாள். தலையில் கொழுந்துக் கூடையின் கயிறு. அவள் பண்டாரவளையில் உயர்தர வகுப்பில் படிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குக் கால் உடைந்த மறுவாரமே தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்துவிட்டாளாம்.

தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போனபோது அவளிடம் சொன்னேன்.

"நான் திரும்பிப் போகல. ரெண்டு பாடம் போச்சு சுமதி. எனக்கு அங்க ஒத்துவரல. நான் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போறேன், நீ ஸ்கூலுக்குப் போ."

குடத்தைக் கீழே வைத்தாள். "ரெண்டுதானே போச்சு? மிச்சமெல்லாம் பாஸ்தானே? அம்மாவ லாரியில ஏத்துறப்ப வலியில கத்திக்கிட்டே, 'பெரியவளுக்குச் சொல்லிராதீங்க'ன்னுச்சு. நீ கூடையத் தூக்கினா நாங்க வாய மூடிக்கிட்டு இருந்தது எதுக்குக்கா?"

"அப்ப நீ?"

"எனக்கு மட்டும் படிக்க ஆசை இல்லியா?" என்றவள் அழுதாள். இந்த ஐந்து மாதத்தில் அவளிடம் அதை யாரும் கேட்டிருக்கவில்லை.

அன்று இரவே அப்பாவிடம் இருவர் விஷயத்தையும் சொன்னேன். அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். பிறகு, "ஒரு சம்பளத்துல ஓட்டிருவேன். ரெண்டு பேரும் போங்க" என்றார்.

மறுநாள் சுமதியோடு அவள் பள்ளிக்குப் போனேன். உப அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர். சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஏன் பிள்ளை, இவ்வளவு நாளும் ஒருத்தரும் வந்து சொல்லேல்லை? திங்கட்கிழமை வரட்டும். பேர் இன்னும் வெட்டேல்லை" என்றார்.

ஜூன் மாதம் நான் திரும்பினேன். பண்டாரவளை வரை சுமதி வெள்ளைச் சீருடையில் அதே பஸ்ஸில் வந்தாள். திருச்சியில் முதல் வேலையாக அறைத்தோழி மாலதியிடம், பாடம் புரியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னேன். அவள் தினமும் மாலையில் என்னோடு உட்கார்ந்தாள். ஒரு அரியரில் அந்த ஆண்டே தேறினேன், இன்னொன்றுக்கு மேலும் ஒரு வருடமாயிற்று. சுமதி பரீட்சை எழுதினாள். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. இப்போது பதுளையில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். அந்த ஐந்து மாதம் வீணாகாமல் இருந்திருந்தால் இடம் கிடைத்திருக்குமோ என்று எனக்கு இன்றும் தோன்றும். அவள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: முடிந்தால் விடுமுறைக்குப் போய்வாருங்கள். பூனாகலைக்குக் கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள், மழைக்காலமென்றால் பாதை திறந்திருக்கிறதா என்று பண்டாரவளையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். போக முடியாவிட்டால் தொலைபேசியில் வீட்டிலுள்ள ஒவ்வொருவரிடமும் பேசுங்கள். உங்கள் கஷ்டத்தையும் சொல்லுங்கள்.

அம்மா இப்போதும் போனை எடுத்தவுடன் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வார். "சரிம்மா, கால் எப்படி இருக்கு?" என்பேன். "மழைக்கு வலிக்குது பாப்பா" என்பார். அதன் பிறகு நாங்கள் பேச ஆரம்பிப்போம்.