கூண்டு ஏறியதற்காகப் படகை உடைப்பதில்லை

போன மழைக்காலத்தில் என் வீட்டுக்காரர் அந்தோணிக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டது. காசிமேட்டில் படகு ஓட்டி மீன் பிடிக்கிறவர். வெறும் காமாலை என்று நினைத்துப் பச்சிலைச் சாறு குடித்துப் பார்த்தோம். கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தில் புற்றுநோய் என்றார்கள்.

இரத்தத்தில் ஒரு புரதத்தின் அளவையும் பார்த்தார்கள். கட்டி இருந்தால் அது ஏறுமாம். இவருக்கு மிகவும் ஏறியிருந்தது.

"இவ்வளவு ஏறினவங்க ரொம்ப நாள் தாங்கறது கஷ்டம்மா. முதல்ல பித்தக் குழாய்ல டியூப் வெச்சு மஞ்சளை இறக்குவோம். ஆபரேஷன் பத்தி அப்புறம்தான் சொல்ல முடியும்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் இவர் தன் தம்பி ஸ்டீபனைக் கூப்பிட்டார். "போட்டு, வலை எல்லாத்தியும் நீயே எத்துக்கினு போடா. எனக்கு நம்பர் வந்துட்ச்சி. டியூபும் வாணாம், ஒண்ணும் வாணாம்."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்த வாரம் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள்.

"யோவ், மூணாம் நம்பர் கூண்டு ஏத்திக்கீறான். போட்டை இழுத்துக் கட்டினியா, கோடாலி எட்த்து ஒடைச்சியா?"

"இன்னா மே பேசுற? எவனாச்சும் ஒடைப்பானா?"

"அப்ப ஒடம்பை மட்டும் ஏன் ஒடைக்கிற? கெளம்பு ஆஸ்பத்திரிக்கு."

ஸ்டீபன் சொன்னான்: "அண்ணி சொல்றது கரீட்டு அண்ணே. உன் இஞ்சின் சத்தத்துக்கு மீனே ஓடிப்பூடும். எனக்கு வாணாம் அந்த போட்டு."

வியாதி வந்தபின் அன்றுதான் இவர் சிரித்தார். டியூப் வைக்கச் சம்மதித்தார்.

தினமும் சாயங்காலம் கரைக்குப் போய், படகு கட்டிய கயிற்றை ஒரு கையிலும் செபமாலையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு நிற்பேன். "ஆண்டவரே, இரத்தத்தில் ஏறிய அந்த எண்ணை நீர் பார்த்துக்கொள்ளும். எனக்கு இவர் வேண்டும். நான் விடமாட்டேன்." இவ்வளவுதான் என் செபம். மாதாவிடமும் இதையே சொன்னேன்.

மஞ்சள் இறங்கியது. மறுபடி இரத்தம் எடுத்தார்கள். புரதம் நன்றாகக் குறைந்திருந்தது. "பித்தக் குழாய் அடைச்சிருந்தாலும் இது ஏறும்மா. இப்போ ஆபரேஷன் செய்யலாம்" என்றார் அதே டாக்டர். அவர் சொன்ன காரணம் சரிதான். அந்தக் காரணத்துக்காகவும் நான் ஆண்டவருக்குத்தான் நன்றி சொன்னேன்.

ஆபரேஷன் முடிந்தது. கீமோவும் முடிந்தது. இன்னும் அவ்வப்போது போய்ப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வருகிறோம். எண் மறுபடி ஏறலாம். ஏறட்டும். மருத்துவம் பார்ப்போம், முழங்காலில் நிற்போம். அதற்கு முன்னால் பயந்து சாக மாட்டோம்.

சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கூண்டு ஏறியிருந்தால் கயிற்றை விட்டுவிடாதீர்கள். இன்று காலை இவர் தம்பியோடு கடலுக்குப் போனார். நான்தான் கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.