ஏனோ அடித்த பெனால்டி

நாகூர் மீரானுக்கு அப்போது நாற்பது வயது. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலையில் ஃபிட்டர். ஆலை அணியின் கோல்கீப்பர். ஆலை மைதானத்தில் பதினோரு வருடமாக ஒரு பெனால்டியைக்கூட அவர் உள்ளே விட்டதில்லை. அதைத் தவிர அவரைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை. அவரும் சொல்வதில்லை.

1995 ஆடியில் புது இயந்திரங்களைப் பூட்ட ஜப்பானிலிருந்து ஒருவர் வந்தார். பெயர் ஏனோ. ஒரு காலத்தில் அங்கே பெரிய கால்பந்துக்காரர், முழங்கால் போனபின் இந்த வேலைக்கு வந்தவர் என்று கேண்டீனில் பேசிக்கொண்டார்கள். இங்கே யாரைக் கூப்பிட்டாலும் 'ஏனுங்க' என்றுதானே கூப்பிடுகிறோம். தன் பெயரைத்தான் மரியாதை சேர்த்துச் சொல்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். யார் யாரை அழைத்தாலும் திரும்பி, இடுப்பை வளைத்து வணங்கினார். பத்தே நாளில் ஆலை மொத்தமும் அவர் பக்கம். நூல் சுற்றும் ரீலிங் பகுதிப் பெண்கள் வேண்டுமென்றே கூப்பிட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"பாவம் அம்மணி, இடுப்பு ஒடிஞ்சுபோகும், சும்மா இருங்க" என்றாள் அவர்களில் ஒருத்தி சாந்தாமணி, தானும் ஒருமுறை கூப்பிட்டுவிட்டு.

அவரை வழியனுப்பும் ஞாயிறன்று ஒரு பெனால்டி அடிக்கவைப்பதாக ஏற்பாடு. காலையிலேயே மேஸ்திரி மயில்சாமி மீரானைத் தனியே அழைத்தார்.

"பாய், ஒன்னே ஒன்னு. உட்டுப்போடுங்க."

"நல்லா அடிச்சார்னா தானா போயிருமுங்க."

"அதில்லீங்க. நம்மளத் தேடி வந்த விருந்தாளி. மூஞ்சி சுண்டிப்போயி ஊருக்குப் போலாமுங்களா?"

மீரான் உள்ளங்கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

ஏனோ பந்தை வைத்து, பின்னால் போய், ஓடி வந்தார். மீரான் பிடித்துவிடுவாரோ என்ற பயத்தில் மயில்சாமி கோட்டோரமிருந்து கத்தினார்:

"ஏனுங்க! உட்டுப்போடுங்க!"

ஏனோ திரும்பிப் பார்த்தார். கால், பந்தின் தலையில் பட்டது. பந்து உருண்டு வந்தது. அவ்வளவு மெதுவாக. குனிந்து எடுத்திருக்கலாம். காலால் நிறுத்தியிருக்கலாம். பாதி வழியில் அதுவே நிற்கப் பார்த்தது, நிற்கவில்லை. மீரான் இடப்பக்கம் பாய்ந்து விழுந்தார். பந்து வலப்பக்கமாகக் கோட்டைத் தாண்டியது.

ஏனோவைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். மேலே இருந்தபடி அவர் மீரானையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

வீட்டில் மனைவி இஸ்மத் சோறு போட்டாள்.

"எப்படி அடிச்சாரு?"

"மெதுவா."

"புடிச்சுட்டீங்களா?"

"இல்ல."

"மெதுவாத்தானே வந்துச்சு?"

"ஆமா. கொஞ்சம் ரசம் ஊத்து."

பந்தை விட்டதற்கு வருத்தம் வருமென்று காத்திருந்தார். படுக்கும்வரை வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

அடுத்த வாரம் அணிப்பட்டியலில் தன் இடத்துக்கு வேறொருவரை எழுதச் சொன்னார்.

"ஏனுங்க பாய், என்னாச்சு?" என்றார் மயில்சாமி.

"ஞாயித்துக்கெழம வேல இருக்குதுங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு விடுமுறை. மயில்சாமி, மீரானின் பெயரை அடித்துவிட்டு வேறொரு பெயரை எழுதினார்.